பல்லுக்குக் கிளிப் போடும் முன் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள்

என் மகளுக்கு 12 வயதில் பல்லுக்குக் கிளிப் போட்டோம். இரண்டரை வருடம் கழித்து அவளால் ஒரு மாங்காய்த் துண்டை முன்பல்லால் கடிக்க முடியவில்லை. கடைவாய்ப் பல்லை இறுக்கிக் கடித்தாலும் முன்பக்கம் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே ஒரு சந்து நின்றது, அதன் வழியாக நாக்கு தெரிந்தது. கிளிப் போடுவதற்கு முன்னால் எத்துப்பல்லாக இருந்தாலும் கடிப்பதற்குக் குறை இருந்ததில்லை. இடையில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று தெரிந்துகொள்ளவே எனக்கு நிறைய நாளும் பணமும் போனது. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் இப்போது சின்ன ஊர்களில்கூட கிளிப் போடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் காவேரிப்பட்டணம். நான் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் வட இந்தியாவுக்கு லாரி ஓட்டுகிறார், மாதத்தில் சில நாள்தான் வீட்டில் இருப்பார். அதனால் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாமே என் தலையில்தான். மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே மேல் பல் தூக்கலாக இருக்கும். வாயை மூடினால் கீழ் உதடு மேல் பல்லுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். சிரித்தால் பல்லைவிட ஈறு அதிகம் தெரியும். தூங்கும்போது வாய் திறந்தே இருக்கும். ஏழாம் வகுப்பு வந்ததும் போட்டோ எடுக்கும்போதெல்லாம் கையால் வாயை மறைக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் சரி, கிளிப் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

எந்த கிளினிக் என்று தேட வேண்டிய தேவையே வரவில்லை. தர்மபுரியில் இருக்கும் என் நாத்தனார் பையனுக்கும் எத்துப்பல்தான். அவன் கிருஷ்ணகிரியில் ஒரு கிளினிக்கில் கிளிப் போட்டு, ரப்பர் மாட்டி, ஒன்றரை வருடத்தில் பல் அழகாக உள்ளே போய்விட்டது. முகமே மாறிவிட்டது என்று குடும்பத்தில் எல்லோரும் சொன்னார்கள். அதே கிளினிக், அதே சிகிச்சை, நல்ல பலன் கண்ணெதிரே இருக்கிறது. யாராக இருந்தாலும் அங்கேதான் போயிருப்பார்கள். அவன் முகமும் என் மகள் முகமும் வளரும் விதமே வேறு என்பதும், ஒருவனுக்கு நல்லது செய்த அதே ரப்பர் இன்னொருத்திக்குக் கெடுதல் செய்யும் என்பதும் எங்கள் யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டியவர்களும் சொல்லவில்லை.

முதல் நாள் வாய்க்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார்கள், ஓபிஜி என்கிற எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு தாடையும் விரித்து வைத்த மாதிரி எல்லாப் பல்லும் வேரோடு தெரியும் படம் அது. 38,000 ரூபாய் சொன்னார்கள், பாதியை முன்பணமாகக் கட்டினேன். அதற்காகக் கூட்டுறவு வங்கியில் நகையை வைத்தேன். கிளிப் போடும் டாக்டர் வெளியூரிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார். நடுவில் அவர் மாறி இன்னொருவர் வந்தார், அப்புறம் அவரும் மாறினார். ஒவ்வொருவரும் பழைய அட்டையைப் பார்த்து "ரப்பரைத் தொடரட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்கள். முயல் படம் போட்ட சின்னப் பாக்கெட்டில் அந்த ரப்பர் வளையங்கள் வரும். மேலே கோரைப்பல்லில் ஒரு முனை, கீழே கடைசிக் கடைவாய்ப் பல்லில் ஒரு முனை. சாப்பிடும் நேரம் தவிர இரவு பகலாக மாட்ட வேண்டும். என் மகள் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை, ஒருநாளும் விட்டதில்லை. இப்போது யோசித்தால் அதுதான் வயிற்றைப் பிசைகிறது.

இன்னொரு தொல்லையும் கூடவே ஓடியது. பல்லில் ஒட்டும் பிராக்கெட் அடிக்கடி பெயர்ந்து விழும். விழுந்தால் திரும்ப ஒட்ட 300 ரூபாய். ஒவ்வொரு முறையும் "முறுக்கு சாப்பிட்டியா, கடலை சாப்பிட்டியா" என்று பிள்ளைக்குத் திட்டு விழும். அவள் எதையும் கடிக்காமல் சோற்றைப் பிசைந்து விழுங்கிக்கொண்டிருந்தாள். காரணம் பின்னால் தெரிந்தது. அவள் ஐந்து வயது வரை பாலக்கோடு பக்கம் என் அம்மா வீட்டில்தான் வளர்ந்தாள், போர் தண்ணீர்தான் குடித்தாள். எங்கள் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது தெரிந்த கதைதான். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் வளரும் பல்லின் எனாமல் கெடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான், 2013ல் தொடங்கி வைத்தார்கள். ஆனால் முன்பல்லின் எனாமல் பிறந்த சில மாதத்தில் தொடங்கி நாலைந்து வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். என் மகள் 2009ல் பிறந்தவள். நல்ல தண்ணீர் ஊருக்கு வருவதற்குள் அவள் முன்பல் ஈறுக்குள்ளேயே பெரும்பாலும் உருவாகிவிட்டது. அந்தப் பழுப்புக் கறை படிந்த எனாமலில் சாதாரணமாக அமிலம் தடவிப் பசை வைத்தால் பிடிப்பு குறைவு. அதற்குத் தகுந்த மாதிரி மேல்பரப்பைத் தயார்செய்து ஒட்ட வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கிளிப் போடும்போது பல்லில் கறை இருந்தால் முதல் நாளே டாக்டரிடம் அதைச் சொல்லி, எப்படி ஒட்டப் போகிறீர்கள், விழுந்தால் மறுபடி ஒட்டக் காசு உண்டா என்று கேட்டுவிடுங்கள். பிள்ளை திட்டு வாங்குவதாவது மிச்சமாகும்.

ஒரு வருடம் தாண்டியதும் பல் வரிசை நேராகிவிட்டது. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. முகம் இன்னும் நீளமாகத் தெரிந்தது. பக்கவாட்டில் பார்த்தால் மோவாய் கழுத்தை நோக்கிப் பின்வாங்கின மாதிரி இருந்தது. வாயை மூடச் சொன்னால் மோவாய்த் தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகுழியாகச் சுருங்கியது, அவ்வளவு முயற்சி செய்துதான் உதட்டை ஒட்ட வைத்தாள். கிளினிக்கில் கேட்டால் "வளர்ற வயசுங்க, சரியாயிடும்" என்றார்கள். மாமியார் சின்ன வயதில் பால்புட்டி கொடுத்ததுதான் காரணம் என்றார். வீட்டுக்காரர் நாக்பூரிலிருந்து போனில் "டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போகுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் பார்க்கவில்லை. ஆனால் இரவில் தூங்குகிற பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான். அப்புறம்தான் அந்த மாங்காய். சீசன் நேரம், உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுத்தேன். முன்பல்லில் வைத்துக் கடித்து இழுத்தாள், துண்டு அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடி கடித்தாள், மறுபடியும் வழுக்கியது. அப்புறம் ஒன்றும் சொல்லாமல் அதைக் கடைவாய்க்குத் தள்ளி மென்றாள்.

சேலம் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போகச் சொன்னது எங்கள் தொழிற்சாலை நர்ஸ் அக்காதான். காலையில் பஸ் பிடித்துத் தொப்பூர் கணவாய் இறங்கிப் போனால் சாயங்காலம் ஆகிவிடும் திரும்புவதற்கு, ஒரு நாள் சம்பளம் போகும். ஆனால் அங்கே முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. பிள்ளையை நேராக நிற்க வைத்து முகத்தை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்தார்கள். பல்லுக்கு அச்சு எடுத்து மாவுக்கட்டு மாதிரி செய்தார்கள். தலையை ஒரு கருவியில் அசையாமல் நிறுத்தி, காதுத் துளையில் இரண்டு பக்கமும் குச்சி வைத்து, பக்கவாட்டில் முழுத் தலையும் தெரிகிற எக்ஸ்ரே எடுத்தார்கள். லேட்டரல் செஃபலோகிராம் என்று பெயர், டாக்டர்கள் சுருக்கமாக செஃப் என்பார்கள். எனக்கு 500 ரூபாய் ஆனது. இரண்டரை வருடத்தில் ஒருவரும் எடுக்காத படம் அது. 1931லிருந்தே உலகத்தில் இந்த முறை இருக்கிறது, அமெரிக்காவில் பிராட்பென்ட் என்பவரும் ஜெர்மனியில் ஹோஃப்ராத் என்பவரும் ஒரே ஆண்டில் கொண்டு வந்தார்கள் என்று அங்கே படிக்கிற மாணவி சொன்னாள். கேட்டபோது எனக்கு அழுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

படத்தின் மேல் மெல்லிய தாள் ஒட்டி, பென்சிலால் எலும்பின் ஓரங்களை வரைந்து, கோடு போட்டுக் கோணம் அளந்தார்கள். மூத்த டாக்டர் அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து விளக்கினார். "பாருங்கம்மா, இந்தக் கோடு மண்டை ஓட்டோட அடி. இது கீழ்த்தாடையோட அடி விளிம்பு. ரெண்டுக்கும் நடுவுல சராசரியா 32 டிகிரி இருக்கணும். உங்க பொண்ணுக்கு 41 இருக்கு." அதன் பொருள், தாடையின் அடிக்கோடு செங்குத்தாகச் சரிந்திருக்கிறது, முகம் முன்னோக்கி வளர்வதைவிடக் கீழ்நோக்கி அதிகம் வளர்கிறது. இன்னொரு கணக்கும் போட்டார். முகத்தின் பின்பக்க உயரத்தை முன்பக்க உயரத்தால் வகுத்துச் சதவீதமாக்குவார்களாம். 62லிருந்து 65 வரை சராசரி. அதற்குக் குறைந்தால் செங்குத்து வளர்ச்சி, கூடினால் கிடைமட்ட வளர்ச்சி. அவளுக்கு 59. ஒரே அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது, நாலைந்து அளவும் ஒரே பக்கம் காட்டினால்தான் உறுதி என்றும் சொன்னார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், ஏனென்றால் எல்லாமே இதில்தான் இருக்கிறது. செங்குத்தாக வளரும் முகம் நீளமாக, கீழ்ப்பாதி கூடுதலாக இருக்கும். கடிக்கும் தசைகள் அவ்வளவு வலு இருக்காது. கடைவாய்ப் பற்கள் சுலபமாக எழும்பி வரும். உதடு மூடாது, சிரித்தால் ஈறு தெரியும், மேல் அண்ணம் குறுகலாக இருக்கலாம், முன்பல் கடி திறந்துகொள்ளும் போக்கு இருக்கும். கிடைமட்டமாக வளரும் முகம் சதுரமாக, தாடை முனை எடுப்பாக, கீழ்ப்பாதி குட்டையாக இருக்கும். தசை வலு அதிகம். கடித்தால் மேல் பல் கீழ்ப் பல்லை முக்கால்வாசி மறைத்துவிடும், சிலருக்குக் கீழ்ப் பல் அண்ணத்திலேயே போய் இடிக்கும். இரண்டு வகையிலும் மேல் பல் எத்திக்கொண்டு இருக்கலாம். வெளியே பார்க்க ஒரே பிரச்சினை மாதிரிதான் தெரியும். என் மகளும் நாத்தனார் பையனும் அப்படித்தான். போனில் அவன் பழைய போட்டோவைக் காட்டினேன். படம் எடுக்காமல் உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் பார்த்தால் கிடைமட்ட வளர்ச்சி மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர்.

ரப்பர் என்ன செய்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. அந்த ரப்பர் மேல் பல்லைப் பின்னால் இழுக்கும்போதே கீழ்க் கடைவாய்ப் பல்லை மேலே தூக்கவும் செய்கிறது. கீழ்த்தாடையின் மூட்டு காதுக்கு முன்னால் இருக்கிறது. கடைவாய்ப் பல் 1 மில்லிமீட்டர் எழும்பினால் முன்பக்கம் 2, 3 மில்லிமீட்டர் வரை திறந்துகொள்ளும், தாடையும் கீழேயும் பின்னாலும் சுழன்று போகும். ஆழமாகக் கடிக்கிற சதுர முகத்துப் பையனுக்கு இப்படித் திறப்பது நல்லது, அவனுக்கு அதுதான் வேண்டும். என் மகளுக்கு மோவாய் இன்னும் பின்னால் போனது, முன்பல் சந்து விழுந்தது. வளரும்போது தாடை சுழல்கிறது என்பதே ஒரு பெரிய கண்டுபிடிப்பாம். டென்மார்க்கில் பியோர்க் என்பவர் பிள்ளைகளின் தாடை எலும்பில் சின்ன உலோகக் குச்சிகளைப் பதித்து, வருடக்கணக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து இதைக் காட்டினார். எந்தப் பக்கம் சுழலும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்ல உதவும் ஏழு அடையாளங்களை 1969ல் எழுதினார். தாடை அடிவிளிம்பில் ஒரு பள்ளம் விழுந்திருப்பது அவற்றில் ஒன்று. என் மகள் படத்தில் அந்தப் பள்ளத்தை டாக்டர் பென்சில் முனையால் தொட்டுக் காட்டினார்.

பால்புட்டிப் பேச்சையும் கேட்டேன். முக அமைப்பில் பெரும்பங்கு பரம்பரைதான் என்றார். என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு "உங்க சாயல்தாம்மா" என்று சிரித்தார். அதோடு மூக்கடைப்பு, வாயால் மூச்சு விடுவது, விரல் சூப்புவது, நாக்கைத் தள்ளி விழுங்குவது எல்லாம் இருந்தால் அந்தப் போக்கைக் கூட்டலாம் என்றார். அவளுக்கு மூக்கு ஒவ்வாமை இருந்தது. அதைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டி மருந்து அடித்த பிறகுதான் இங்கே அடுத்த வேலையைத் தொடங்கினார்கள். வீட்டில் அம்மாக்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கு முன்னால் இதை எல்லோரும் தெரிந்துகொண்டால் நல்லது.

என்னை உடைத்தது அடுத்த பேச்சுதான். அந்தப் பக்கவாட்டுப் படத்தில் கழுத்து எலும்புகளும் தெரியும். அவற்றின் வடிவத்தைப் பார்த்து வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்கிறார்கள். அவளுக்கு வேகமான வளர்ச்சி முடிந்துவிட்டது. பெண் பிள்ளைகளுக்கு அந்த வேகம் பெரும்பாலும் வயதுக்கு வருவதற்குச் சற்று முன்னாலேயே உச்சத்துக்குப் போய்விடும், ஆண் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு வருடம் தள்ளி வரும். வளர்கிற காலத்தில் கடைவாய்ப் பல்லை எழும்பவிடாமல் பிடித்து, மேல் தாடை கீழே இறங்குவதைக் கட்டுப்படுத்தப் பார்க்கலாம். முழுசாக மாறும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் முயற்சிக்க ஒரு வாய்ப்பாவது இருக்கும். எங்களுக்கு அந்தக் காலம் முழுவதும் தப்பான சிகிச்சையில் கழிந்தது. 38,000, பிராக்கெட் காசு, பஸ், சம்பளப் பிடித்தம் எல்லாம் சேர்த்தால் 50,000க்கு மேல் போயிருக்கும், நகை வட்டி தனி. பணத்தை எப்படியாவது சம்பாதித்துவிடலாம். அந்த இரண்டு வருட வளர்ச்சியை யாராலும் திருப்பித் தர முடியாது. பஸ்ஸில் திரும்பும்போது அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், நான் தர்மபுரி வரை அழுதுகொண்டே வந்தேன்.

பழைய கிளினிக்கில் போய்க் கேட்டதில் பணம் திரும்பவில்லை. ஓபிஜி படத்தைக்கூடத் தேடிக் கொடுக்க மனசில்லை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கே சிகிச்சை எடுத்தாலும் ஒவ்வொரு எக்ஸ்ரேயும், போட்டோவும், திட்டத்தை எழுதிய தாளும் உங்கள் போனில் இருக்கட்டும், கேட்டு வாங்குங்கள். பாதியில் டாக்டர் மாறினாலோ ஊர் மாறினாலோ அடுத்தவருக்கு அதுதான் ஆதாரம். நீங்களும் மாதம் ஒரு முறை ஒரே இடத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடுங்கள்: நேராக, பக்கவாட்டில், பல்லைக் கடித்த நிலையில் உதட்டை விலக்கி. முகம் எந்தப் பக்கம் போகிறது என்பது அந்தப் போட்டோக்களை வரிசையாகப் பார்த்தால் தெரிந்துவிடும். தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில உண்டு. பிள்ளை டிவி பார்த்துக்கொண்டு தன்னை மறந்து உட்கார்ந்திருக்கும்போது உதடு சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். வாயை மூடச் சொல்லி, மோவாய்த் தோல் சுருங்குகிறதா பாருங்கள். பள்ளிக்கூட ஸ்கேலைக் கீழ்த்தாடையின் அடிவிளிம்பை ஒட்டி, காது மடலுக்குக் கீழிருந்து மோவாய் வரை வைத்துப் பக்கத்திலிருந்து பாருங்கள். ஸ்கேல் படுத்த மாதிரி இருந்தால் ஒரு வகை, மோவாய் பக்கம் நன்றாக இறங்கிச் சரிந்திருந்தால் இன்னொரு வகை. டாக்டர்களும் முதல் பார்வைக்குக் கண்ணாடிக் கைப்பிடியை இப்படி வைத்துப் பார்ப்பதை அங்கே கண்டேன். ஒரு துண்டுத் தாளை முன்பல்லில் கடிக்கச் சொல்லி மெல்ல இழுத்துப் பாருங்கள், பிடிக்கிறதா என்று. இதெல்லாம் நோயைக் கண்டுபிடிக்க அல்ல. டாக்டரிடம் "என் பிள்ளைக்கு முகம் எந்தப் பக்கம் வளர்கிறது?" என்று கேட்கத் தைரியம் வருவதற்கு. அந்தக் கேள்விக்குப் படத்தைக் காட்டிப் பதில் சொல்பவரிடம் பணம் கட்டுங்கள். செஃப் எடுக்காமல் தாடைப் பிரச்சினை உள்ள பிள்ளைக்கு நேராகக் கம்பியை ஒட்டுகிறேன் என்பவரிடம் வேண்டாம். கிளிப் போடுபவர் பி.டி.எஸ். முடித்து அதற்கு மேல் மூன்று வருடம் ஆர்த்தோடான்டிக்ஸ் எம்.டி.எஸ். படித்தவரா, கடைசி வரை அவரே பார்ப்பாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம், நல்ல டாக்டர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

பல்லைப் பிடுங்க வேண்டுமா என்பதும் இதைப் பொறுத்துத்தான். நம் ஊரில் பல் பிடுங்காமல் செய்கிறேன் என்று சொல்பவர்தான் நல்ல டாக்டர் என்று ஒரு எண்ணம் இருக்கிறது, எங்கள் பழைய கிளினிக்கும் அதையே பெருமையாகச் சொன்னது. சதுர முகத்தில் தசை இறுக்கத்தால் பிடுங்கிய இடம் மூடவே நாளாகும், ஆழமான கடி இன்னும் ஆழமாகலாம், அதனால் அங்கே தயங்குவார்கள். நீள முகத்தில் இடம் சீக்கிரம் மூடும், உதடு மூடவும் கடி மூடவும் அது உதவும். என் மகளுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு சிறு கடைவாய்ப் பற்களை எடுத்தார்கள். நான்கு நல்ல பல் போகிறதே என்று மனசு பதறியது உண்மைதான். ஆனால் காரணத்தைப் படத்தில் காட்டிச் சொன்ன பிறகு பயம் போய்விட்டது.

பழைய கம்பியைக் கழற்றி, கொஞ்ச நாள் ஆறவிட்டு, பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை மேல் கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில் எலும்பில் சின்னத் திருகாணி போட்டு, அந்தப் பற்களை மேல்நோக்கி அழுத்துகிறார்கள். பல் உள்ளே போகப் போக, கீழ்த்தாடை தானாக மேலேயும் முன்னாலேயும் சுழல்கிறது. போடும்போது மரத்துப்போக ஊசி போடுவதால் வலி பெரிதாக இல்லை, சுற்றி ஈறு வீங்காமல் சுத்தமாக வைத்துக்கொள்வதுதான் பாடு. ஒரு திருகாணி தளர்ந்து, இடம் மாற்றிப் போட வேண்டியிருந்தது. அது நடக்கக்கூடியதுதான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கல்லூரி என்பதால் எல்லாம் சேர்த்து 35,000க்குள் அடங்குகிறது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அடிக்கடி போய்வர முடிந்தவர்கள் அங்கே விசாரிக்கலாம். முன்பல் சந்து 4 மில்லிமீட்டர் இருந்தது, இப்போது 1 மில்லிமீட்டருக்கு வந்திருக்கிறது. மோவாய் கொஞ்சம் முன்னால் தெரிகிறது. முழுவதும் சரியாகுமா, 18 வயதுக்கு மேல் தாடை அறுவை சிகிச்சை வேண்டியிருக்குமா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அந்த ஒளிவுமறைவில்லாத பேச்சே எனக்குப் பெரிய ஆறுதல்.

சின்னவனுக்கு 8 வயது. அவனும் வாயைத் திறந்துதான் தூங்குகிறான். அதனால் அக்காவோடு அவனையும் சேலத்துக்குக் கூட்டிப் போனேன். இந்த வயதில் வந்தது நல்லது, 7 வயதிலேயே ஒரு முறை காட்டிவிடுவது வழக்கமாக வேண்டும் என்றார் டாக்டர். கீழ்த்தாடை முன்னால் நீண்டு, கீழ்ப் பல் மேல் பல்லுக்கு வெளியே வருகிற பிள்ளைகளுக்கு இன்னும் முக்கியம், பெரியவனாகட்டும் என்று காத்திருந்தால் மேல் தாடையை முன்னால் இழுக்கும் காலம் தவறிவிடுமாம். இவனுக்கு அப்படி இல்லை. மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு வரச் சொன்னார், இப்போதைக்குக் கம்பி எதுவும் தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டினால் போதும் என்றார். ஒவ்வொரு முறையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டியதில்லை, சிகிச்சை தொடங்கும்போது எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் கிருஷ்ணகிரியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அவனைக் காட்டப் போகிறோம்.